பம்பரில் கீறல்: கராஜுக்குப் போகுமுன் வீட்டு முற்றத்தில் செய்யக்கூடியது

எங்கள் வீட்டுக் கேற்றுத் தூணில் முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளிக் கோடு இருக்கிறது. மழையில் கழுவுப்படவும் இல்லை, வெயிலில் மங்கவும் இல்லை. ஒரு மார்கழி இரவு, அடைமழைக்குள் பின்னுக்கு எடுத்தபோது என் காரின் பம்பர் அந்தத் தூணுக்குக் கொடுத்துவிட்டு வந்த பெயின்ட் அது. தூண் பதிலுக்குக் கொடுத்தது ஒரு சாண் நீளக் கீறலும் கொஞ்சம் சுண்ணாம்பும்.

அதை நானே சரிசெய்யப் போய் முதல் தடவை கெடுத்தேன். இரண்டாம் தடவை ஓரளவு தேற்றினேன். அதன் பிறகு மச்சானின் கார், பக்கத்து வீட்டு வாத்தியாரின் வான் என்று நாலைந்து பம்பர்களில் கைவைத்தாயிற்று. நான் தொழில்காரன் இல்லை. கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் இல்லாத ஒருவர், கடையில் வாங்கும் ஸ்ப்ரே டின்களையும் இரண்டு வாளித் தண்ணீரையும் வைத்துக்கொண்டு ஒரு சனி ஞாயிறில் செய்து முடிக்கிற அளவுக்குத்தான் எழுதுகிறேன்.

கீறல் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரம் போனால் போதும். பொலிஷோடு போயிருக்கக்கூடிய கீறலை வோட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துப் பெரிதாக்கியவர்களும், உள்ளங்கை அளவு வேலைக்கு முழுப் பம்பருக்கும் பெயின்ட் அடித்தவர்களும் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறோம். அந்த இரண்டாவது ஆள் நான்தான். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் கொஞ்சம் எட்டி நின்று பாருங்கள். அதோடு விடலாம் என்று தோன்றினால் விட்டுவிடுங்கள்.

முதலில் கழுவுங்கள், பிறகு கவலைப்படுங்கள்

திருகோணமலையில் ஓடுகிற கார் எப்போதும் உப்புப் பூசிக்கொண்டுதான் நிற்கும். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு பின்னேரம் நிறுத்திவிட்டு வந்து கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். அந்த உப்பும் கடற்கரை மணலும் பம்பரில் இருக்கும்போதே துணியால் தேய்த்தீர்களானால் பழைய கீறலோடு நூறு புதுக் கீறலும் சேரும். ஹோஸால் நன்றாக நனைத்து மண்ணை இறக்கிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டுக் கழுவுங்கள். மெழுகு கலந்த கார் ஷாம்பு இந்த வேலைக்கு வேண்டாம். அது விட்டுச் செல்கிற பளபளப்பு பிறகு பெயின்ட் பிடிப்பதைக் கெடுக்கும்.

கழுவித் துடைத்த பிறகு நிழலில் நின்று பாருங்கள். கீறல் என்று நினைத்ததில் பாதி, எதிரே நின்றதின் பெயின்ட் உங்கள் பம்பரில் ஒட்டியதாக இருக்கும். மதில் சுண்ணாம்பு, ஓட்டோவின் சிவப்பு, மோட்டார் சைக்கிள் கைபிடியின் கறுப்பு றப்பர் எல்லாம் அப்படித்தான். (கோட்டைக்குள் மானுக்கு வழிவிட்டு ஒதுக்கியதில் உரசிப்போனது என்று என் கூட்டாளி ஒருவர் எல்லோருக்கும் சொல்லுவார். அவர் பம்பரில் இருந்ததோ மஞ்சள் பெயின்ட்.) இவற்றைத் துணியில் கொஞ்சம் வைட் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தால் போய்விடும். அது இல்லாவிட்டால் மண்ணெண்ணெயும் கேட்கும். ஆனால் அது எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும், மறுபடி சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.

தின்னரை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். உங்கள் பம்பரில் இருப்பது கம்பனிப் பெயின்டாக இருந்தால் ஒரு தடவை துடைப்பதைத் தாங்கிவிடும். ஆனால் இங்கே ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலோ கொழும்பிலோ வேறொருவர் ஓட்டிவிட்டுத் தந்தவை. பம்பருக்கு எத்தனை கை பெயின்ட் பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிறகு அடித்த மலிவுப் பெயின்டில் தின்னர் பட்டால் தோல் உரிவதுபோல் சுருங்கிக்கொண்டு வரும்.

தண்ணீரும் நகமும்

பம்பர் பெயின்ட் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று படை. பிளாஸ்டிக்கோடு ஒட்டியிருப்பது பிரைமர், அதற்கு மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேல் நிறமில்லாத கிளியர். மூன்றும் சேர்ந்தே ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடக்குறைய. இதை நினைவில் வைத்திருங்கள், தேய்க்கும்போது கை தானாக அடங்கும்.

கீறலின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்கும்வரை கோடு மறைந்து, காய்ந்ததும் மீண்டும் வெள்ளையாகத் தெரிகிறதென்றால் அது கிளியரில் மட்டும்தான். நல்ல செய்தி. அடுத்து நகத்தைக் குறுக்காக இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பொலிஷ் போதும். லேசாக ஓரிடத்தில் இடறினால் வோட்டர் பேப்பரும் பொலிஷும். நகம் விழுந்து நின்று, உள்ளே சாம்பலோ வெள்ளையோ தெரிந்தால் பிரைமர்வரை போய்விட்டது. கறுப்பாகத் தெரிந்தால் அது வெறும் பிளாஸ்டிக். அப்போதுதான் முழு வேலை.

பொலிஷோடு முடிகிறவை

சிறு கீறலுக்கு கட்டிங் கொம்பவுண்ட் (மேற்படையை லேசாக அரைத்தெடுக்கும் பசை) ஒன்று, கொஞ்சம் நயமான பொலிஷ் ஒன்று, இரண்டு மென்மையான துணி. பழைய பருத்திப் பெனியன் நல்லது, தையல் பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். பட்டாணியளவு கொம்பவுண்டைத் துணியில் எடுத்து, கீறலின் திசையில் தேய்க்காமல் அதற்குக் குறுக்காக, ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் இரண்டு நிமிடம் தேயுங்கள். துடைத்துப் பாருங்கள். இன்னும் இரண்டு நிமிடம்.

துணியில் உங்கள் காரின் நிறம் வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் கவனியுங்கள். சில வெள்ளைகளில் தனிக் கிளியர் கிடையாது, கலரே மேற்படை. டொயோட்டாவின் 040 வெள்ளை பெரும்பாலும் அப்படித்தான். அதில் கொம்பவுண்ட் போட்டால் துணி வெள்ளையாவது இயல்பு. வெள்ளி, சாம்பல், நீல மெட்டாலிக் கார்களில் துணியில் நிறம் வந்தால் கிளியர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கேயே கையை எடுங்கள்.

நகம் இடறுகிற கீறலுக்கு முதலில் 2000 இலக்க வோட்டர் பேப்பரை (இலக்கம் கூடக்கூடப் பேப்பர் நயமாகும்) அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். ஊறிய பேப்பரைச் சிறிய றப்பர்த் துண்டில் சுற்றி, சவர்க்காரத் தண்ணீர் விட்டுக்கொண்டே பத்துப் பதினைந்து இழுவை. அழுத்தம் வேண்டாம், பேப்பரின் பாரமே போதும். அந்த இடம் பால் ஊற்றியதுபோல் மங்கும். பதறாமல் கொம்பவுண்ட் போட்டால் பளபளப்பு திரும்பி வரும். பம்பரின் மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது புத்தி.

பத்துக் கீறலில் ஆறு இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் கணக்கு. மிச்சத்துக்குத்தான் தொடர்ந்து படிக்க வேண்டும்.

எப்போது செய்வது

பெயின்ட் அடிக்கப் போகிறவர் டின் வாங்குமுன் வானத்தைப் பார்க்க வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை எங்கள் பக்கம் வாடைக்கால மழை. வெயில் எறிக்கிற நாளிலும் காற்றில் ஈரம் நிற்கும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று தொடங்கிவிடும். காய்ந்த காற்று, பெயின்ட் காய்வதற்கு நல்லதுதான், ஆனால் ரோட்டுப் புழுதி முழுவதையும் கொண்டுவந்து ஈரக் கிளியரின் மேல் தூவிவிட்டுப் போகும். மாசி, பங்குனி, சித்திரை எனக்குப் பிடித்த மாதங்கள். கச்சான் காலத்தில்தான் செய்தாக வேண்டுமென்றால் காலையில் முற்றத்து வேப்பிலை அசையாத நேரத்தைப் பிடியுங்கள், பனி ஈரம் காய்ந்த பிறகு.

ஈரக்காற்றில் என்ன நடக்கும் என்றால், தெளித்த பெயின்டிலிருந்து தின்னர் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு வெண்புகை படிந்ததுபோல் தெரியும். நான் முதல் தடவை மழை விட்ட பின்னேரம் ஒன்றில் அடித்துக் கண்ட காட்சி அது. வெயிலும் இதே அளவு கெடுதி. நேர்வெயிலில் நின்ற பம்பரைத் தொட்டால் கை சுடும். அதில் பெயின்ட் விழுந்தவுடனே மேல்தோல் காய்ந்து, உள்ளே அகப்பட்ட தின்னர் குமிழ் குமிழாக வெளியே வரும். போர்ட்டிகோ நிழலில் நிறுத்தி, பம்பர் கைக்குக் குளிர்ந்த பிறகு தொடங்குங்கள். அரைமணி நேரத்துக்கு முன் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டால் புழுதி அடங்கும்.

கலர் இலக்கம்

வெள்ளி என்று கடையில் கேட்டால் ஏதோ ஒரு வெள்ளி தருவார்கள். கதவுத் தூணிலோ, பொனட்டைத் திறந்தால் உள்ளே பின்சுவரிலோ ஒரு தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். அதில் கலர் என்று குறித்த இடத்தில் உள்ள இலக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். சரிவுக் கோடு ஒன்றால் பிரித்து இரண்டு இலக்கம் இருந்தால் முன்னால் உள்ளது பெயின்ட், பின்னால் உள்ளது உள் அலங்காரம்.

ஒரு எச்சரிக்கை. டொயோட்டா 070 என்றிருந்தால் அது முத்து வெள்ளை. அடியில் ஒரு வெள்ளை, அதற்கு மேல் முத்துப் படை, பிறகு கிளியர். எத்தனை கை முத்து விழுந்தது என்பதைப் பொறுத்து நிறமே மாறும். தூரத்திலிருந்து பார்த்தால் 040ம் 070ம் ஒன்றுபோலத் தெரியும், பக்கத்தில் போனால் பகலும் நிலவும். 070 காருக்கு நான் கைவைக்க மாட்டேன். எந்தக் கார் என்றாலும் முத்துக் கலர்களைத் தொழில்காரரிடம் விடுங்கள்.

இன்னொன்று. புதுக் காரிலேயே பம்பரின் நிறமும் பக்கத்து இரும்புத் தகட்டின் நிறமும் மயிரிழை வித்தியாசமாக இருக்கலாம். இரண்டும் வேறு இடத்தில், வேறு விதமாகப் பெயின்ட் பட்டவை. வேலை முடிந்த பிறகு நின்று நின்று ஒப்பிட்டு மனம் நொந்துகொள்ள வேண்டாம்.

மற்றச் சாமான்கள்: 320, 600, 800, 1500, 2000 இலக்க வோட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப், பம்பர் புட்டி, பிளாஸ்டிக்குக்குரிய ஒட்டுப்படை டின் (பிரைமர் பிளாஸ்டிக்கில் பிடிப்பதற்காக அதற்கு முன் அடிப்பது), பிளாஸ்டிக் பிரைமர், கலர், கிளியர், ஐசோபுரப்பைல் அல்கஹோல் ஒரு போத்தல். டேப்பில் மட்டும் கஞ்சம் பிடிக்காதீர்கள். மலிவு டேப் எங்கள் வெயிலில் பசையைக் காரிலேயே விட்டுவிட்டு வரும்.

பிளாஸ்டிக்கைத் தேய்ப்பது

பம்பரின் உட்பக்கம் எங்காவது அம்புக்குறிகளுக்கு நடுவே எழுத்துகள் அச்சாகியிருக்கும். அநேகமாக பிபி, ஈபிடிஎம் என்று இருக்கும். பொலிபுரொப்பிலீனும் றப்பரும் கலந்தது என்று பொருள். இந்தப் பிளாஸ்டிக்கின் குணம் எதையும் ஒட்டவிடாதது. தயிர்ப் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கறுப்புத் தெரிகிற இடத்தில் சாதாரண பிரைமரை நேரே அடித்தால், இரண்டு மாதத்தில் காரை ஹோஸால் கழுவும்போது அப்பளம்போல் எழும்பி வரும்.

பம்பர் உள்ளே அமுங்கியிருந்தால் தேய்ப்பதற்கு முன் அதைப் பாருங்கள். கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்து, அமுங்கிய இடத்தில் மெதுவாக ஊற்றி, பிளாஸ்டிக் இளகியதும் உட்பக்கத்திலிருந்து கையால் தள்ளுங்கள். கையுறை போடுங்கள். பொக்கென்று ஒரு சத்தத்தோடு வெளியே வரும், உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். வாத்தியாரின் வான் பம்பர் இப்படி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இனி டேப். கீறலைச் சுற்றி நெருக்கமாக ஒட்டாமல், பம்பரின் இயல்பான மடிப்புக் கோடுவரை இடம் விட்டு ஒட்டுங்கள். அப்பால் உள்ள பகுதியைப் பழைய பத்திரிகைத் தாளால் இரட்டையாக மூடுங்கள். ஒற்றைத் தாளை நனைத்துக்கொண்டு பெயின்ட் உள்ளே போகும், அச்சு மையும் ஒட்டும். விளக்கு, நம்பர் பிளேட், பார்க்கிங் சென்சர் எல்லாம் மூட வேண்டும். சென்சருக்கு மேல் பெயின்ட் தடித்தால் அது சும்மா சும்மா கத்தும்.

320இல் தொடங்குங்கள். கீறலின் இரு கரையும் படிக்கட்டுபோல் இருக்கும், அதைச் சரிவாக்குவதுதான் இந்தத் தேய்ப்பின் நோக்கம். சரியாகத் தேய்த்த இடத்தில் கிளியர், கலர், பிரைமர், பிளாஸ்டிக் நான்கும் மரத்தின் வளையங்கள்போல் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். ஒவ்வொரு வளையமும் குறைந்தது ஒரு விரல் அகலம் இருக்கட்டும்.

பிளாஸ்டிக்கைத் தேய்க்கும்போது ஒரு தொல்லை வரும். அது தூளாகாமல் நூல்நூலாகக் கிளம்பும், பூனைக்குட்டியின் முடிபோல். முரட்டுப் பேப்பரால் அழுத்தித் தேய்த்தால் இன்னும் கூடும். பெரிய நூல்களைப் புது பிளேட்டால் பம்பரோடு படுக்கவைத்துச் சீவிவிடுங்கள். பிறகு 600 பேப்பரில் தண்ணீர் விட்டு, குழந்தையின் கன்னத்தைத் தடவுவதுபோல் தேயுங்கள். இந்த நூல்களை விட்டுவிட்டு பிரைமர் அடித்தால் ஒவ்வொரு நூலும் ஒரு முள்ளாகி நிற்கும்.

குழி இன்னும் ஆழமாக இருந்தால் மட்டும் புட்டி. இரும்புத் தகட்டுக்குப் பூசும் கட்டலோய் வேண்டாம், பம்பர் வளையும்போது அது வெடித்துவிடும். வளையக்கூடிய பம்பர் புட்டி என்று கேட்டு வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் புட்டி பூசுமுன்னும் ஒட்டுப்படை வேண்டுமா என்பது டின்னில் எழுதியிருக்கும், வாசியுங்கள். புட்டியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னர் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில்தான். எங்கள் வெக்கைக்கு அதைக் கூட்டக்கூடாது. கலந்து மூன்று நான்கு நிமிடத்தில் கல்லாகிவிடும் என்பதால் ஒரு தேக்கரண்டிக்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம். கீறலின் குறுக்கே இழுத்துப் பூசி, இறுகியதும் 320, பிறகு 600.

சரியாகிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்க்காதீர்கள். ஒரு மெல்லிய ஷொப்பிங் பையைக் கைக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் விரலுக்குத் தெரியும். விரலுக்குத் தெரிந்தது நாளைக்குக் கிளியருக்கு மேல் எல்லோருடைய கண்ணுக்கும் தெரியும்.

மீன்கண்

என்னுடைய முதல் முயற்சி கெட்ட கதை இங்கேதான் வருகிறது. தேய்த்தேன், துடைத்தேன், கலர் அடித்தேன். அடித்த கையோடு பெயின்ட் ஆங்காங்கே விலகி, வட்ட வட்டமாகக் குழி விழுந்தது. மீனின் கண்போல, நடுவில் அடிப்படை தெரிகிறது. மேலும் அடித்தேன், மேலும் விலகியது. அடுத்த நாள் கன்னியாப் பக்கம் முப்பது வருடமாகப் பெயின்ட் வேலை செய்கிற ஒரு பாஸிடம் காரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பம்பரைப் பார்க்கவில்லை. டயரைப் பார்த்தார்.

“தம்பி, டயருக்கு என்ன அடிச்சனீங்க?”

“போன கிழமை பளபளப்புக்கு ஒரு ஸ்ப்ரே, பாஸ்.”

“அதுதான். சிலிக்கன். அங்க அடிச்சா இங்க வந்து குந்தும். அதுக்கு மேல சாமி வந்தாலும் பெயின்ட் நிக்காது. எல்லாத்தையும் கழட்டிட்டுத் திரும்பச் செய்யுங்க.”

அன்றிலிருந்து நான் இரண்டு துணி வைத்திருக்கிறேன். ஒன்றில் ஐசோபுரப்பைல் அல்கஹோல் நனைத்து ஒரே திசையில் துடைப்பேன், அது காயுமுன் மற்றக் காய்ந்த துணியால் எடுத்துவிடுவேன். ஈரத் துணியால் மட்டும் துடைத்தால் பசை இடம் மாறுமே தவிரப் போகாது. துடைத்த இடத்தை விரலால் தொடுவதில்லை. கையில் உள்ள தேங்காயெண்ணெய் போதும் ஒரு மீன்கண்ணுக்கு. வேலை நடக்கிற கிழமை டயர் பொலிஷும் டாஷ்போர்ட் பொலிஷும் காரின் பக்கமே வரக்கூடாது.

அடிக்கிற ஒழுங்கு

டின்னுக்குள் குண்டு சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள். முதல் தெளிப்பைக் காரில் செய்யாமல் ஒரு மட்டையில் செய்து பாருங்கள். பம்பரிலிருந்து ஒரு சாண் தூரம், இருபது இருபத்தைந்து சென்ரிமீற்றர். மூடிய தாளின் மேல் தெளிக்கத் தொடங்கி, பம்பரைக் கடந்து, மறுபக்கத் தாளின் மேல் விரலை எடுங்கள். நடுவில் தொடங்கினாலும் நிறுத்தினாலும் அங்கே ஒரு திட்டு விழும். ஒரு இழுவை மற்றதில் பாதியை மூடட்டும். மணிக்கட்டை ஆட்டாமல் முழங்கை, தோள் எல்லாம் சேர்ந்து நகர வேண்டும்.

முதலில் ஒட்டுப்படை, வெறும் பிளாஸ்டிக் தெரிகிற இடத்துக்கும் அதைச் சுற்றிக் கொஞ்சமும். இரண்டு மெல்லிய கை. இதைத் தேய்க்கக் கூடாது. டின்னில் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குப் பிறகு, அதற்கு மேல் பிரைமர் போய்விட வேண்டும். தேத்தண்ணி குடிக்க உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தால் அதன் பிடிப்புப் போய்விடும்.

பிரைமர் இரண்டு மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் இடையில் பத்து நிமிடம். நன்றாகக் காய்ந்த பிறகு பென்சில் கரித்தூளை மேலே லேசாகத் தடவிவிட்டு 800இல் தண்ணீரோடு தேயுங்கள். கரி எங்கே மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். பிளாஸ்டிக் மறுபடி வெளியே தெரிந்தால் ஒட்டுப்படையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். அலுப்பாக இருக்கும், தாண்டிப் போக வேண்டாம். சுற்றியுள்ள பழைய கிளியரை 1500 பேப்பரால் மங்கச் செய்யுங்கள், பளபளப்பின் மேல் புதுக் கிளியர் பிடிக்காது. பிறகு மறுபடி இரண்டு துணி.

கலரை மெல்ல மெல்ல மூன்று நான்கு கை. முதல் கையிலேயே பிரைமரை மூடிவிட நினைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் விடும் பிழை, வழிந்துவிடும். ஒவ்வொரு கையும் முந்தியதைவிட நாலு விரல் அதிகமாக வெளியே போகட்டும், அப்போதுதான் பழைய நிறத்தோடு கரைந்து போகும். மெட்டாலிக் கலருக்கு ஒரு நுட்பம் உண்டு. அதிலுள்ள அலுமினியத் துகள்கள் ஈரமாக அடித்தால் ஒரு பக்கம் ஒதுங்கி மேகம் மேகமாகத் தெரியும். கடைசிக் கையை இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று, தூறல்போல, குறுக்கே அடித்தால் துகள்கள் சமமாகப் படியும். கலர் காய்ந்ததும் சாயம்போனதுபோல் மங்கலாக இருக்கும். அது சரிதான், பளபளப்பு கிளியர் தருவது. கலரைத் தேய்க்காதீர்கள்.

கிளியர்: இதில் விளையாட வேண்டாம்

கிளியர் டின் இரண்டு வகை. ஒற்றைக் கலவை டின் மலிவு, அடிப்பது சுலபம். ஆனால் மென்மையானது, பெற்றோல் சிந்தினால் கரையும். பெற்றோல் மூடிப் பக்கத்துக்கு அது சரிவராது, பம்பர் மூலைக்குப் பரவாயில்லை. 2கே என்று எழுதியது ஹார்ட்னர் சேர்ந்தது. அடியிலுள்ள பொத்தானை அமுக்கியதும் இரண்டும் கலந்துவிடும். கராஜில் அடிப்பதற்கு நிகரான உறுதி அதில்தான் கிடைக்கும்.

அந்த ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற பொருள் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது, ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு வாழ்நாள் முழுவதும் சிறு அளவும் ஒத்துக்கொள்ளாது. கொவிட் காலத்து முகக்கவசமும் ஈரத் துவாயும் இதைத் தடுக்காது. கரி அடைத்த, இரசாயன ஆவிக்கென்று செய்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை, திறந்த வெளி. இவை இல்லாவிட்டால் ஒற்றைக் கலவையோடு திருப்திப்படுங்கள், அதையும் ஆவி மாஸ்க்கோடு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் 2கேயை வாங்கவே வேண்டாம் என்பேன். எந்த டின் என்றாலும் பக்கத்தில் அடுப்பு, நுளம்புச் சுருள், சிகரெட் எதுவும் எரியக்கூடாது. சின்னப் பிள்ளைகளை அயல்வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கிளியரை இரண்டு கை, இடையில் பத்துப் பதினைந்து நிமிடம். முதல் கை மெல்லியது, இரண்டாவது ஈரமாகப் பளபளக்க. நடு பம்பரில் கிளியரை நிறுத்தினால் அந்த விளிம்பு ஒரு வருடத்தில் கோடாகத் தெரியும். ஆகவே மடிப்புக் கோடுவரை, முடிந்தால் அந்த மூலை முழுவதற்கும் அடியுங்கள். வழிந்தால் தொடாதீர்கள். ஒரு பூச்சி வந்து ஒட்டினாலும் தொடாதீர்கள். காய்ந்த பிறகு இரண்டையும் தேய்த்து எடுக்கலாம், ஈரத்தில் விரல் வைத்ததை எடுக்க முடியாது. டேப்பை மட்டும் கிளியர் முழுதாக இறுகுமுன், பெயின்டை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்து இழுத்து எடுங்கள்.

காய்ந்த பிறகு

குறைந்தது ஒரு நாள் முழுதாக விடுங்கள், ஒற்றைக் கலவைக் கிளியருக்கு இரண்டு மூன்று நாள். பிறகு 2000 பேப்பரால் தண்ணீரோடு புழுதிப் பருக்களைச் சமப்படுத்தி, கொம்பவுண்ட், பொலிஷ். ஒரு கிழமைக்குக் கார் கழுவும் இடத்துக்கு, அதிலும் பிரஷர் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டாம். மெழுகு ஒரு மாதம் கழித்துப் போடலாம். காகம் எச்சமிட்டால் மட்டும் உடனே நனைத்து எடுத்துவிடுங்கள், புதுப் பெயின்டை அது அரித்து அடையாளம் வைத்துவிடும்.

பம்பர் வெடித்திருந்தாலோ, அதைப் பிடித்து நிற்கும் கொக்கிகள் உடைந்திருந்தாலோ, மூலைக்குப் பின்னால் ரேடார் இருக்கிற புதிய கார் என்றாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு பாஸிடம் போங்கள். ரேடாருக்கு முன்னால் புட்டி பூசினால் அதன் பார்வை கெட்டுப்போகும்.

மிஞ்சிய டின்களைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அடித்து நொசிலைச் சுத்தமாக்கி வையுங்கள். காருக்குள் விட்டுவிடாதீர்கள், பூட்டிய கார் எங்கள் மதிய வெயிலில் டின்னில் எழுதியிருக்கும் 50 பாகை எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். மிஞ்சிய கலரில் கொஞ்சத்தை ஒரு சின்னப் போத்தலில் தெளித்து மூடி வைத்தால் அடுத்த சின்னக் கீறலுக்குத் தூரிகையால் தொட்டு வைக்க உதவும். பொத்தான் அமுக்கிய 2கே டின்னைச் சேமிக்க நினைக்காதீர்கள், ஒன்றிரண்டு நாளில் அது உள்ளேயே கல்லாகிவிடும்.